மணலுக்குள் இறங்கும் சாக்கடை

தண்ணீரில் உயிர் வாழ முடியுமா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை உண்டு. 300 மில்லி பிடிக்கும் கண்ணாடிக் குப்பியில், ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் ஆற்றுத் தண்ணீரை நிரப்ப வேண்டும். மாங்கனஸ் சல்பேட் கரைசல் 2 மில்லி, காரம் சேர்த்த அயோடைடு கரைசல் 2 மில்லி, இரண்டையும் குழாய் வைத்து உள்ளே இறக்கி, மூடியை அழுத்திவிட்டுக் குப்பியை நாலைந்து முறை தலைகீழாகத் திருப்ப வேண்டும். தண்ணீரில் ஆக்சிஜன் கரைந்திருந்தால் உள்ளே பழுப்பு நிறத்தில் திரிதிரியாகத் திரண்டு மெல்ல அடியில் படியும். ஆக்சிஜன் துளியும் இல்லையென்றால் திரள்வது வெள்ளையாக இருக்கும். அதற்கு மேல் கணக்கு எதுவும் தேவையில்லை. வெள்ளை என்றால் அந்தத் தண்ணீரில் மீன் பிழைக்காது.

இதுபோன்ற சோதனைகளைச் செய்துதான் நான் பிழைத்தேன். குடிநீர் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வாழ்க்கைப்பட்ட ஊர் மண்டகப்பட்டு. விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில் இருக்கும் ஊர். பிறந்த வீடு சங்கராபரணிக் கரையில். பிறந்த வீட்டு ஆற்றில், சாக்கடை வந்து விழும் இடத்தில் எடுத்த தண்ணீர் என் கண் முன்னால் வெள்ளையாகத் திரண்டது. இந்தக் கட்டுரைக்கு அதுதான் காரணம்.

எங்கள் பக்கத்தில் பலரும் நம்பும் ஒரு விஷயம் உண்டு. ஆற்றில் தண்ணீர் ஓடும்போது அழுக்கைக் கொட்டினால் பாவம். வறண்டு கிடக்கிற ஆற்றில் சாக்கடை ஓடினால் யாருக்கு என்ன நஷ்டம், ஐப்பசியில் மழை பெய்தால் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்பார்கள். உண்மை இதற்கு நேர் எதிர். சங்கராபரணி போன்ற மழைக்கால ஆறு அதிகமாகக் கெட்டுப்போவது அது வறண்டு கிடக்கும் மாதங்களில்தான். அப்போது அதில் விடும் சாக்கடை எங்கும் போவதில்லை. மணலில் இறங்கி, நம் கிணற்றுக்குத்தான் வந்து சேர்கிறது.

ஆறு போகும் வழி

சங்கராபரணியைச் செஞ்சியாறு என்றும் வராக நதி என்றும் சொல்வார்கள். செஞ்சி வட்டாரத்து மலைகளில் விழும் மழைதான் அதற்கு மூலதனம். ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேர்கிறது. செஞ்சியைத் தாண்டியதும் வீடூர் அணை. 1959-ல் கட்டி முடித்த இந்த அணையில் 32 அடி உயரத்துக்கு, 605 மில்லியன் கனஅடி தண்ணீர் நிற்கும். அதை நம்பித் தமிழ்நாட்டில் 2,200 ஏக்கர், புதுச்சேரியில் 1,000 ஏக்கர் பாசனம். அதற்கும் கீழே, இரண்டு கோடி ஆண்டு பழமையான கல்மரங்கள் கிடக்கும் திருவக்கரை. சுத்துக்கேணியில் பிரியும் வாய்க்கால் ஊசுட்டேரிக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. அந்த ஏரி பறவைகள் சரணாலயம். பிறகு வில்லியனூர், திருக்காஞ்சி. கடைசியில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை அரியாங்குப்பத்து ஆறாக, ரோமானியரோடு வணிகம் நடந்த அரிக்கமேட்டைத் தொட்டுக்கொண்டு போகிறது. இன்னொன்று சுண்ணாம்பாறு. சுற்றுலாப் பயணிகள் படகில் போகிறார்களே, அதே சுண்ணாம்பாறுதான்.

தை மாதம் ஐந்தாம் நாள் எங்கள் மாவட்டத்தில் ஆற்றுத் திருவிழா. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து சாமிகள் தீர்த்தவாரிக்கு ஆற்றுக்கு வரும். கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக மணலில் உட்கார்ந்து சாப்பிட்டு, திரும்பும்போது சிறுவள்ளிக்கிழங்கு வாங்கிக்கொண்டு போவது வழக்கம். சின்ன வயதில் அந்த மணலில் கையால் ஒரு முழம் தோண்டினால் ஊற்று கசிந்து குழியில் தேங்கும். முதலில் கலங்கலாக இருக்கும். இரண்டு தடவை இறைத்துக் கொட்டினால் மூன்றாவது முறை தெளிந்த தண்ணீர். அதைக் குடத்தில் மொண்டு வீட்டுக்குக் கொண்டு போய்ச் சமைத்தோம். ஆற்று மணல் இயற்கை கொடுத்த வடிகட்டி. அதன் நுணுக்கமான இடுக்குகளில் வாழும் நுண்ணுயிர்கள், தண்ணீரோடு வரும் கொஞ்ச நஞ்ச அழுக்கைத் தின்று செரித்துவிடும். அவற்றுக்கும் மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும், செரிப்பதற்கு ஓர் அளவும் உண்டு.

ஒரு லிட்டர் சாக்கடைக்கு எத்தனை லிட்டர் ஆறு?

சாக்கடை ஆற்றை எப்படிக் கொல்கிறது? அதில் இருக்கும் மலம், சோற்றுக் கஞ்சி, எண்ணெய், சோப்பு எல்லாமே பாக்டீரியாவுக்குத் தீனி. தின்னும்போது அவை தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன. ஒரு லிட்டர் கழிவுநீரைச் செரிக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டுமோ, அதையே பிஓடி என்ற அளவால் சொல்கிறோம். நம் நாட்டில் இதைக் கண்டுபிடிக்கக் குப்பியை 27 டிகிரி வெப்பத்தில் மூன்று நாள் இருட்டில் வைத்துவிட்டு, முதல் நாள் இருந்த ஆக்சிஜனில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்போம்.

வீட்டுச் சாக்கடையின் பிஓடி லிட்டருக்கு 200 மில்லிகிராம் அல்லது அதற்கும் மேல். குளிப்பதற்கு ஏற்ற ஆற்று நீரில் இது 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. நம் ஊர் வெயிலில், 30 டிகிரியில், சுத்தமான தண்ணீர் தாங்கக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம்தான். மீன்கள் நிம்மதியாக வாழ அதில் 4 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். ஆக, ஆறு செலவழிக்க முடிந்தது லிட்டருக்கு 3.5 மில்லிகிராம். 200-ஐ 3.5-ஆல் வகுத்துப் பாருங்கள். காற்றிலிருந்து புதிதாகக் கரைவதைச் சேர்க்காமல் பார்த்தால், ஒரு லிட்டர் சாக்கடைக்கு ஏறத்தாழ 57 லிட்டர் நல்ல ஆற்று நீர் ஈடுகொடுக்க வேண்டும்.

2011 கணக்கெடுப்பில் செஞ்சிப் பேரூராட்சியின் மக்கள்தொகை சுமார் 27 ஆயிரம். ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் தண்ணீர், அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாகத் திரும்பும் என்பது பொறியாளர்கள் போடும் கணக்கு. அப்படிப் பார்த்தால் அந்த அளவுள்ள ஓர் ஊர் தினமும் 15 லட்சம் லிட்டர் கழிவுநீரை உண்டாக்குகிறது. அத்தனையும் ஆற்றுக்குப் போவதில்லை. பாதி போனால்கூட அதைத் தாங்க ஆற்றில் தினமும் 4 கோடி லிட்டருக்கு மேல் நல்ல தண்ணீர் ஓட வேண்டும். பங்குனி, சித்திரையில் சங்கராபரணியில் எங்கே ஓடுகிறது தண்ணீர்? அந்த மாதங்களில் பாலத்தின் கீழே பளபளவென்று ஒரு கீற்று தெரிந்தால் அது ஆறு இல்லை. ஊரின் சாக்கடை.

காவிரி, கங்கை போன்ற பெரிய ஆறுகளைப் பற்றிய பேச்சில் இது விடுபட்டுப் போகிறது. பெரிய ஆற்றுக்குக் கலந்து நீர்க்கச் செய்ய ஓரளவுக்காவது தண்ணீர் இருக்கிறது. சின்ன ஊரின் சின்ன ஆற்றுக்கு அதுவும் கிடையாது. தொழிற்சாலை இல்லாத ஊர், அதனால் மாசு இல்லாத ஊர் என்று நாம் நிம்மதியாக இருப்பது தவறு. நம் சமையலறையும் குளியலறையும் கழிப்பறையும் ஓர் ஆற்றை அழிக்கப் போதும்.

கறுத்த மணல்

சாக்கடை ஓடிய இடத்தில் மணலைத் தோண்டிப் பார்த்தால் என்ன நடக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். மேலே நாலு விரல் அளவுக்குச் சாம்பல் நிறம். அதற்குக் கீழே கரிக்கறுப்பு. அழுகிய முட்டை நாற்றம். மேல் மணலில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜன் முழுவதையும் தீர்த்துவிட்டதால், கீழே ஆக்சிஜன் இல்லாமலே வாழும் வேறு வகை பாக்டீரியாக்கள் பெருகிவிட்டன என்பதற்கு அது அடையாளம். அவை தண்ணீரில் உள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றுகின்றன, நாற்றம் அதனுடையது. அந்த வாயு மணலில் உள்ள இரும்போடு சேர்ந்து இரும்பு சல்பைடாகிறது, கறுப்பு அதனுடையது. அந்தக் கறுத்த மணலில் ஒரு பிடி எடுத்து வெளியே வெயிலில் வைத்தால், காற்று பட்டுச் சிறிது நேரத்தில் பழுப்பாக மாறும். கீழே இல்லாமல் போன ஆக்சிஜன் மேலே கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் பார்க்கலாம். சாக்கடையின் சேறும் கொழுப்பும் மணல் இடுக்குகளை மெல்ல மெல்ல அடைத்து, மேலே வழுவழுப்பான படலம் கட்டிவிடுகின்றன. மழை வரும்போது அந்த இடத்தில் தண்ணீர் உள்ளே இறங்குவது குறைகிறது. ஆற்றுப் படுகை நிலத்தடி நீரை ஊட்டும் இடம். அதன் வாயை நாமே பூசி மூடிவிட்டு, போர் போட்டால் தண்ணீர் வரவில்லை என்று 500 அடிக்கும் 600 அடிக்கும் இறக்கிக்கொண்டிருக்கிறோம்.

கொதிக்க வைத்தாலும் போகாதது

ஆற்றோரம் கத்தரியும் வெண்டையும் வைத்திருக்கும் ஒரு பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, மோட்டார் போட்டா மொதல்ல கொஞ்ச நேரம் நாத்தம் அடிக்குது. அப்புறம் நல்லாத் தெளிஞ்சிடுது. தெளிஞ்சப்புறம் குடிக்கலாம் இல்ல?”

“தெளிஞ்சுட்டா நல்ல தண்ணின்னு அர்த்தம் இல்லம்மா. புள்ளைங்களுக்கு எதக் குடுக்கற?”

“அதையேதான். கொதிக்க வெச்சுக் குடுக்கறேன்.”

அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். சாக்கடையால் கிணற்றுக்கு வரும் கேடு இரண்டு வகை. முதலாவது கிருமி. வாந்திபேதி, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் மலத்தின் வழியே பரவுபவை. நன்றாகக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். இரண்டாவது நைட்ரேட். சிறுநீரிலும் மலத்திலும் உள்ள நைட்ரஜன் முதலில் அமோனியாவாகவும், காற்றோட்டமுள்ள மண்ணில் நைட்ரேட்டாகவும் மாறித் தண்ணீரோடு நழுவிப் போகிறது. மண் இதைப் பிடித்து வைப்பதில்லை. இதற்கு நிறம், மணம், ருசி எதுவும் கிடையாது. கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், நைட்ரேட் அப்படியே தங்கி இன்னும் அடர்த்தியாகும்.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அளவு மிஞ்சினால் முதலில் அடிபடுவது ஆறு மாதத்துக்கு உட்பட்ட பச்சைக் குழந்தைகள். அவர்கள் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கும். வயலில் போடும் யூரியாவாலும் நைட்ரேட் ஏறும் என்பது உண்மை. செஞ்சி நெல் விளையும் பூமி, உரத்துக்குக் குறைவில்லை. ஆனால் உரத்தோடு சாக்கடையும் சேர்ந்தால் கிணற்றுக்கு இரண்டு பக்கமும் அடி.

மீனும் கொசுவும்

சாக்கடை கலந்தால் எல்லா மீனும் ஒரே நாளில் சாவதில்லை. முதலில் அயிரை மாதிரி, ஓடும் தெளிநீரில் மணலடியில் வாழும் மீன்கள் காணாமல் போகும். தண்ணீருக்கு மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்த விரால், குறவை கொஞ்ச நாள் சமாளிக்கும். எதையும் தாங்கும் ஜிலேபி பெருகும். வலையில் மீன் விழுகிறது, அதனால் ஆறு நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. என்ன மீன் விழுகிறது என்று பார்க்க வேண்டும். ஐந்தாறு வகை மீன் இருந்த மடுவில் ஜிலேபி மட்டும் மிஞ்சியிருந்தால் அங்கே ஆறு நோயில் கிடக்கிறது.

சாக்கடையில் வரும் நைட்ரஜனும் சோப்புத் தூளில் வரும் பாஸ்பரஸும் செடிகளுக்கு உரம். ஆகாயத்தாமரை அதனால்தான் அப்படிக் கொழிக்கிறது. அது தண்ணீரின் மேல் பாய் விரித்தாற்போல் மூடிக்கொண்டால் வெளிச்சம் உள்ளே போகாது, காற்றும் கரையாது. அழுகி விழும் இலைகள் மறுபடி பாக்டீரியாவுக்குத் தீனி. ஒவ்வொரு ஆண்டும் இயந்திரம் வைத்து ஆகாயத்தாமரையை வாரி எடுப்பதற்குச் செலவு செய்கிறோம். வரும் சாக்கடையை நிறுத்தாமல் இலையை மட்டும் வாரினால் அடுத்த பருவத்தில் அது திரும்ப வரும்.

கொசுவிலும் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நம் வீட்டு நல்ல தண்ணீரில் முட்டையிடும். யானைக்கால் நோய் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்குச் சாக்கடைதான் தொட்டில். புதுச்சேரியில் 1975-ல் தொடங்கிய நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம் 1981 முதல் 1985 வரை அந்த நகரத்தில் யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் ஒன்றை நடத்தியது. கொசு மருந்தை விட, கொசு முட்டையிடும் இடத்தை ஒழிப்பதில்தான் அது அதிகக் கவனம் வைத்தது. தேங்கும் சாக்கடையை ஒழிக்காத ஊர் புகை மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் கொசு போகாது.

மழை கழுவிவிடுமா?

கழுவாது. வறண்ட மாதங்களில் சேர்ந்த சேறு முழுவதையும் முதல் வெள்ளம் கிளறி எடுத்துக்கொண்டு கீழே போகும். அந்தக் கலங்கல் தண்ணீரில் ஆக்சிஜன் சட்டென்று விழும். பருவத்தின் முதல் மழைக்குப் பிறகு முகத்துவாரங்களில் மீன்கள் செத்து மிதப்பதற்கு இது முக்கியமான காரணம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சங்கராபரணி கரை புரண்டது. அப்படிப்பட்ட வெள்ளம் சாக்கடையைக் கடலுக்கு ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. வயலிலும் கிணற்றிலும் வீட்டுக் கூடத்திலும் இறக்கிவிட்டுப் போகிறது.

மிச்சம் கீழே இருப்பவர்களுக்குப் போகிறது. 2018-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் 351 ஆற்றுப் பகுதிகளை மாசடைந்தவை என்று பட்டியலிட்டது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியிலிருந்து அதில் இடம்பெற்றவை இரண்டு: காரைக்காலின் அரசலாறு, இன்னொன்று சுண்ணாம்பாறு. சுண்ணாம்பாற்றில் கலக்கும் அழுக்கில் பெரும்பகுதி புதுச்சேரிப் பக்கத்து ஊர்களுடையதாக இருக்கலாம். ஆனால் அது நம் ஆற்றின் கடைசிப் பெயர் என்பதை நாம் மறக்கக் கூடாது. 2023-ல் திருக்காஞ்சியில் புஷ்கரணி விழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் வந்து இந்த ஆற்றில் நீராடினார்கள். முன்னோருக்கு அங்கே எள்ளும் தண்ணீரும் இறைப்பவர்களுக்கு, செஞ்சியிலிருந்து வரும் தண்ணீர் எப்படி வர வேண்டும்?

செப்டிக் டேங்க் என்ற பெயரில்

பெரும்பாலான பேரூராட்சிகளில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் இருக்கிறது என்று சொல்வோம். முறையான செப்டிக் டேங்க் என்றால் அடியும் சுவரும் தண்ணீர் கசியாமல் பூசியிருக்க வேண்டும். உள்ளே தடுப்பு வைத்து அறைகளாகப் பிரித்திருக்க வேண்டும். அதிலிருந்து வழியும் தண்ணீர் உறிஞ்சு குழிக்குப் போக வேண்டும். அடியில் சேரும் கசடை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும்.

நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது என்ன? ஐந்தாறு சிமெண்ட் உறையை அடுக்கி இறக்கி, அடியைத் திறந்துவிட்ட குழி. “பத்து வருஷமா நெறையவே இல்ல” என்று பெருமையாகச் சொல்வார்கள். நிறையவில்லை என்றால் எல்லாம் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் 15 மீட்டருக்குள் கிணறோ போரோ இருந்தால் அதற்குள்ளும் போகும். முறையாகக் கட்டிய தொட்டியாக இருந்தாலும் அதிலிருந்து வழிவதைத் தெருச் சாக்கடையில் குழாய் போட்டு விட்டுவிடுகிறோம். தெருச் சாக்கடை மழைநீர் வடிவதற்காகக் கட்டியது. அது ஆற்றுக்கோ ஏரிக்கோதான் போகும். தொட்டியைச் சுத்தம் செய்ய டேங்கர் லாரியைக் கூப்பிடும்போது, “எங்கே கொண்டு போய்க் கொட்டுவீங்க?” என்று நாம் கேட்பதும் இல்லை. 1974-ம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் ஆற்றில் கழிவை விடுவதைத் தடை செய்கிறது. கொட்டும் இடம் ஒன்றை ஊர் ஏற்பாடு செய்து தராதவரை, லாரிக்காரரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

சாக்கடையை இன்னும் அகலமாக வெட்டி இன்னும் தூரத்தில் கொண்டு போய் விடுவதும் தீர்வு ஆகாது. 1858 கோடையில் லண்டனில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றமே திணறியது. பெரும் செலவில் பாதாளச் சாக்கடை கட்டிக் கழிவை நகரத்தைத் தாண்டி ஆற்றின் கீழ்ப்பகுதியில் கொண்டு போய் விட்டார்கள். நகரம் தப்பியது, ஆறு தப்பவில்லை. 1957-ல் தேம்ஸ் உயிரற்ற ஆறு என்று அறிவிக்கப்பட்டது. கழிவை முறையாகச் சுத்திகரித்து விடத் தொடங்கிய பிறகுதான் 1974-ல் சால்மன் மீன் அந்த ஆற்றில் மறுபடி கண்ணில் பட்டது. சாக்கடையை இடம் மாற்றுவது வேறு, சுத்திகரிப்பது வேறு.

பக்கத்திலேயே வழி இருக்கிறது

நமக்கு லண்டன் வேண்டாம். திண்டிவனத்தைத் தாண்டிச் சென்னைச் சாலையில் போனால் மதுராந்தகம் அருகே கருங்குழி. செஞ்சி மாதிரியே ஒரு பேரூராட்சி. தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் 2017-ல் அங்கேதான் வந்தது. செப்டிக் டேங்கில் எடுத்த கசடை லாரிகள் அங்கே கொண்டு வந்து கொட்டுகின்றன. மணல் படுகைகளில் கசடு காய்கிறது. வடியும் தண்ணீர் தனியே சுத்தமாகிறது. காய்ந்ததை ஊரின் மக்கும் குப்பையோடு சேர்த்து உரமாக்குகிறார்கள். பெரிய இயந்திரம் இல்லை. வெயில்தான் பாதி வேலையைச் செய்கிறது. வெயிலுக்கு நம் மாவட்டத்தில் என்ன பஞ்சம்?

சாக்கடை நீருக்கும் வழி உண்டு. புதுச்சேரி தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையின் கழிவுநீர், ஆரோவில் வல்லுநர்களின் துணையோடு அமைத்த முறையில் அந்த வளாகத்திலேயே சுத்திகரிக்கப்படுகிறது. முதலில் கசடு படியும் தொட்டி. அடுத்து, தடுப்புச் சுவர்களின் மேலும் கீழுமாகத் தண்ணீர் ஏறி இறங்கிப் போகும் மூடிய அறைகள். ஆக்சிஜன் தேவைப்படாத பாக்டீரியா அங்கே அழுக்கைத் தின்னும். பிறகு செடிகள் நட்ட சரளைப் படுகை. கடைசியில் வெயில் படும் குளம். வெளியே வரும் தண்ணீர் தோட்டத்துக்குப் பாய்கிறது. சாக்கடை ஆற்றில் விழும் ஒவ்வொரு வாயிலும் இப்படி ஒரு சின்ன அமைப்பு வைத்தால், கல்வாழையும் கோரையும் வளரும் படுகை ஒன்று ஆற்றுக்கு முன்னால் காவல் நிற்கும். ஊர் சின்னதாக இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். ஊர் பெருத்த பிறகு இடமும் கிடைக்காது, பணமும் போதாது.

வீட்டில் நம்மால் ஆனதும் இருக்கிறது. குளியலறை, சமையலறைத் தண்ணீரைத் தெருவில் விடாமல் ஓர் உறிஞ்சு குழிக்கோ வாழைக்கோ விடலாம். மலத் தொட்டியின் தண்ணீர் கலக்காதவரை அதை நம் தோட்டத்து மண் தாராளமாகத் தாங்கும்.

கோட்டைக்கு வரும் கூட்டம்

2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. எங்களுக்கெல்லாம் பெருமை. வரும் கூட்டம் கூடும். விடுதிகளும் உணவகங்களும் கழிப்பறைகளும் கூடும். அவற்றின் கழிவு எங்கே போகும் என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் மண்டகப்பட்டிலும் அதே கேள்விதான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மாவுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் இங்கே கல்வெட்டு வைத்தான். அவன் கல்லை மட்டும் குடையவில்லை. மாமண்டூரில் சித்திரமேக தடாகம், மகேந்திரவாடியில் மகேந்திர தடாகம் என்று ஏரிகளும் வெட்டினான். குகைக்கோயிலைத் தொல்லியல் துறை காக்கிறது. அதன் பக்கத்தில் இருக்கும் ஏரியைக் காப்பது எங்கள் வேலை.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். கூட்டத்துக்குப் போகும் பெண்கள் ஒரு காரியம் செய்யுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி உண்டு, சோதனைப் பெட்டியும் உண்டு. அதில் மலக்கிருமியைக் காட்டும் குப்பி இருக்கும். 1982-ல் நம் நாட்டு விஞ்ஞானிகள் உருவாக்கிய எளிய சோதனை அது. கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மாசு இருந்தால் கறுக்கும். கறுத்த குப்பிகளைக் கையோடு எடுத்துப் போய்க் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வையுங்கள். நைட்ரேட் எவ்வளவு என்றும் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பிறகு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நம் ஊர்ச் சாக்கடை எந்த இடத்தில் ஆற்றிலோ ஏரியிலோ விழுகிறது? டேங்கர் லாரி எங்கே கொட்டுகிறது? விழும் இடத்தில் சுத்திகரிப்புப் படுகை அமைக்க எந்த நிலம் ஒதுக்கப் போகிறீர்கள்? பதிலைத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். செஞ்சியில் இருப்பவர்கள் தங்கள் வார்டு உறுப்பினரிடம் இதே மூன்றைக் கேட்கலாம். ஆற்றை யாரும் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை. சாக்கடை நின்றால், அடுத்தடுத்த மழைகளில் மணல் தன் வேலையைத் தானே மறுபடி தொடங்கும். அதற்கு இடம் கொடுக்க வேண்டியது நாம்தான்.